சோனாங்குப்பமா, சொத்திக்குப்பமா?

வயர்லெஸ் செட்டோடு ஒரு லேப்டாப்பை இணைத்துவிட்டால், புயல் அடிக்கும் கடலூருக்கு என்ன கிடைக்கும்?

சோனாங்குப்பம், சொத்திக்குப்பம். இரண்டும் கடலூர் கரையோர மீனவக் கிராமங்கள். பகலில், எதிரெதிரே நின்று பேசும்போது யாருக்கும் குழப்பம் வராது. காற்று சுழற்றி அடிக்கும் ராத்திரியில், வயர்லெஸ் இரைச்சலுக்கு நடுவே, “சோ... குப்பத்துக்கு முப்பது மூட்டை அரிசி” என்று ஒரு குரல் கேட்டால்? எழுதிக்கொள்பவர் எந்த ஊரை எழுதுவார்? ராசாப்பேட்டை, சித்திரைப்பேட்டை என்று ஒரே வால் முளைத்த ஊர்களும் இதே கரையில்தான் இருக்கின்றன. மூட்டை முப்பதா, முன்னூறா? திரும்பக் கேட்க வேண்டும், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல வேண்டும், எழுதியதைப் படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். இருபது ஊர்ப் பட்டியலை இப்படிக் குரலாலேயே கடத்தி முடிப்பதற்குள் பேட்டரி பாதி இறங்கிவிடும். சொல்பவர், கேட்பவர் இருவருக்கும் தொண்டையும் பொறுமையும் வற்றிவிடும்.

அதே பட்டியலை லேப்டாப்பில் தட்டி, லேப்டாப்பை வயர்லெஸ் செட்டில் செருகி அனுப்பினால், மறுமுனையில் திரையில் எழுத்தாகவே விழும். இணையம் வேண்டாம், செல்போன் டவர் வேண்டாம். தேவைப்படுவது ஒரு செட், ஒரு கம்பி ஆண்டெனா, கார் பேட்டரி ஒன்று, லேப்டாப் ஒன்று, இவற்றோடு செட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு வயர். ஹாம் ரேடியோக்காரர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். கடலூருக்கு இது ஏன் முக்கியம் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாட்டை இந்த ஊர் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மின்கம்பங்கள் விழுந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை விட்டதென்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் தெருக்களில் புகுந்தது.

ஒவ்வொரு தடவையும் முதலில் சாவது மின்சாரம். அடுத்து, டீசல் தீர்ந்ததும் செல்போன் டவர்.

ஹாம் என்றால் யார்?

அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் வாங்கி, சொந்தமாக வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொள்ளும் தனிமனிதர்கள். தொழிலுக்காகப் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு அழைப்புக்குறி. ஹாம்களின் வாயில் அது கால்சைன். இந்தியாவில் அது வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தி வி.யு.2.ஆர்.ஜி. நம்ம கமல்ஹாசன் வி.யு.2.எச்.ஏ.எஸ்.

அந்தமானில் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே கொண்டுபோக முடியாது. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் போர்ட் பிளேருக்கு ஒரு குழுவை அனுப்பியிருந்தது. நோக்கம் பொழுதுபோக்குதான்: அந்தமானிலிருந்து யாராவது வானொலியில் பேச மாட்டார்களா என்று உலகம் முழுக்க ஹாம்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். குழுவின் தலைவி பாரதி பிரசாத், ஹோட்டல் அறையில் செட்டை வைத்து ஒலிபரப்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் பூமி குலுங்கியது, கடல் ஏறியது. தீவின் தொடர்புகள் அறுந்துபோன நேரத்தில், அதே செட்டை வைத்து, தீவில் சிக்கியவர்களின் நலச்செய்திகளை அவர்கள் நிலப்பகுதிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பொழுதுபோக்குக்குப் போன கருவி ஒரே காலையில் உயிர்நாடியானது.

அன்று பெரும்பாலும் குரல்தான் பயணித்தது. பெயர், வயது, முகவரி, “நலமாக இருக்கிறார்” என்ற ஒரு வரி. ஒருவர் சொல்ல ஒருவர் எழுத வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதே இடத்தில் நின்றால் அது நம் சோம்பேறித்தனம்.

நம் பக்கத்து ஊரிலேயே நடந்தது

வயர்லெஸ்ஸையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கும் யோசனைக்கு அமெரிக்கா, ஜப்பான் என்று போக வேண்டாம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி பஸ் பிடித்தால் போதும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்து, புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பை நம்ப முடியாத காலம். அதனால் கிராமத்துக் கம்ப்யூட்டர்களை வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிகளோடு இணைத்தார்கள். குரலும் போனது, தரவும் போனது. மின்வெட்டுக்குச் சூரியத் தகடுகள். இது ஹாம் ரேடியோ அல்ல, தனி உரிமத்தில் இயங்கிய வலை. ஆனால் அடிப்படை வேலை அதே வேலைதான்.

வீராம்பட்டினத்து மையம் செய்ததை இன்றும் மெச்சலாம். கடலில் நாளைக்கு அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் கணிப்பு, மையத்துக்கு வந்து, தமிழாகி, ஒலிபெருக்கியில் மீனவர் காதுக்குப் போனது. நல்லவாட்டிலும் ஒரு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. சுனாமி அன்று, சிங்கப்பூரிலிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரிக்க, மைய ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரே வெளியேறியது. நல்லவாடு கடலூருக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. அங்கே செய்ய முடிந்ததை இங்கே ஏன் செய்யவில்லை என்பது நான் கேட்கும் கேள்வி.

வயருக்குள் என்ன இருக்கிறது?

மஞ்சை நகர் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் இரண்டு குழாய்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பி, மொத்தம் 66 அடி. நடுவில் வெட்டி, இரண்டு பாதியிலும் கேபிளைச் சேர்த்திருக்கிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கான டைபோல் ஆண்டெனா இவ்வளவுதான். ஆண்டெனாவைத் தென்னை உயரத்துக்குத் தூக்க வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். இருபது, முப்பது அடியில் தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்றுவட்டாரத்திலேயே திரும்ப இறங்கும். சிதம்பரம், நெய்வேலி, சென்னை எல்லாம் இந்த வட்டத்துக்குள் அடக்கம். கையில் பிடிக்கும் வாக்கிடாக்கியால் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரத்தை நேரடியாக எட்டுவது கஷ்டம். இந்தத் தாழ்ந்த கம்பிக்குப் பகலில் அது சாதாரண வேலை. இருட்டிய பிறகு 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்துவிடும், அப்போது 3.5-க்கு இறங்க வேண்டும்.

இனி அந்த ஒரு முழம். கம்ப்யூட்டர் எழுத்தைச் சத்தமாக மாற்றுகிறது. அந்தச் சத்தம் செட்டின் மைக் பக்கம் போக வேண்டும். எதிரிலிருந்து வரும் சத்தம் செட்டின் ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும். அனுப்பும்போது மைக்கின் பொத்தானை யாராவது அழுத்த வேண்டும்; அதைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். ஆக மூன்றே வேலை. கேட்கச் சுலபமாக இருக்கிறதே என்று நேராக வயரைச் செருகுபவர்கள்தான் பிறகு தலையில் கை வைப்பார்கள்.

முதல் தொல்லை, அளவு. கம்ப்யூட்டரின் ஹெட்போன் வாயில் ஒரு வோல்ட் அளவில் துப்பும். செட்டின் மைக் வாய்க்கு அதில் நூற்றில் ஒரு பங்கு கூட அதிகம். இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்க வேண்டும். இரண்டாவது, ‘உர்ர்ர்’ என்ற கரண்ட் இரைச்சல். கம்ப்யூட்டரும் செட்டும் தனித்தனி இடத்தில் கரண்ட் வாங்குகின்றன. இரண்டின் எர்த்தும் வயர் வழியாகக் கைகோத்தால் இரைச்சல் சுற்றிச் சுற்றி வரும். இதற்கு மருந்து, நடுவே ஒரு சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். சம்பந்தி வீட்டார் மாதிரி: பேச்சு உண்டு, கொடுக்கல் வாங்கல் கிடையாது. 600-க்கு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மரைக் கடையில் தேடி அலைய வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய டயல்-அப் மோடத்தைப் பிரித்தால் உள்ளே ஒன்று இருக்கும். போக ஒன்று, வர ஒன்று, ஆக இரண்டு மோடம்.

பொத்தானுக்கு ஆப்டோகப்ளர் என்ற நாலு கால் சிப். ஒரு பக்கம் குட்டி எல்.இ.டி., எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சம் பட்டால் திறக்கும் டிரான்சிஸ்டர். கம்ப்யூட்டர் எல்.இ.டி.யை எரிக்கிறது, செட்டின் பொத்தான் அழுந்துகிறது, நடுவில் உலோகத் தொடர்பே இல்லை. கம்ப்யூட்டர் பக்கம் இதற்குப் பயன்படுவது சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். என்ற கால். இதில் ஒரு குறும்பு உண்டு: விண்டோஸ் கண் விழிக்கும்போது சில சமயம் அந்தக் காலைத் தானாக ஆட்டிப் பார்க்கும். நீங்கள் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருக்க, செட் தன் பாட்டுக்கு ஒலிபரப்பத் தொடங்கும். கம்ப்யூட்டரை முதலில் போடு, செட்டைப் பிறகு போடு என்பது இதனால்தான்.

இப்போதைய லேப்டாப்புகளில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே ஓட்டை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிச் செருகினால் இரண்டும் தனித்தனியாக வந்துவிடும். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கம்ப்யூட்டரின் சொந்தச் சத்தங்கள் வேறு ஸ்பீக்கருக்குப் போய்விடும். இல்லாவிட்டால் விண்டோஸ் அடிக்கும் ஒவ்வொரு ‘டிங்’கும் வானொலியில் ஏறி ஊர் சுற்றும், யூடியூப் பாட்டு ஏறிய கதைகளும் உண்டு. பாட்டு ஒலிபரப்புவது உரிம விதிப்படி குற்றம் என்பதால் இது சிரிப்பு சமாச்சாரம் மட்டும் அல்ல.

கடைசித் தொல்லைதான் புது ஆட்களைக் கலங்கடிக்கும். பொத்தான் அழுந்தியதும் லேப்டாப்பின் மவுஸ் உறைந்துவிடும், யு.எஸ்.பி. துண்டித்துக்கொள்ளும், சில சமயம் செட் அனுப்புவதை நிறுத்தவே மறுக்கும். ஆண்டெனாவிலிருந்து கிளம்பிய அலை கேபிளின் மேல்தோல் வழியாக அறைக்குள்ளேயே திரும்பி வருவதுதான் காரணம். யு.எஸ்.பி. வயரிலும் ஆடியோ வயரிலும் ஃபெரைட் வளையம் மாட்டி, நாலைந்து சுற்றுச் சுற்றினால் அடங்கும். சில்வர் பீச் காற்று வீசும் வீட்டில் கூடுதலாக ஒன்று: மாடியில் இருக்கும் இணைப்புகளை உப்பு தின்றுவிடும். நீர் புகாத டேப் சுற்றாத கனெக்டர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரிய விஷயம்.

சத்தத்தை எவ்வளவு கூட்டினால் நல்லது? செட்டில் ஏ.எல்.சி. என்று ஒரு மீட்டர் இருக்கும். முள் அசையத் தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். கூட்டினால் தூரம் போகும் என்று நினைத்துக் கூட்டுபவர், பக்கத்து அலைவரிசைக்காரர்கள் எல்லாரின் காதையும் கிழிப்பார். தன் செய்தியையும் கெடுத்துக்கொள்வார். பவரையும் பாதியாகக் குறைப்பது நல்லது. பேசும்போது செட்டுக்கு மூச்சு விட இடைவெளி இருக்கும். தரவு அனுப்பும்போது இருக்காது.

செட்டைக் கம்ப்யூட்டரே திருகினால்

மூன்று வேலை போக நாலாவது ஒன்றும் உண்டு, கட்டாயமில்லை: அலைவரிசையைக் கம்ப்யூட்டரிலிருந்தே மாற்றுவது. ஹாம்கள் இதைக் கேட் என்பார்கள். இதில் கம்பெனிக்கு ஒரு பாஷை. கென்வுட் செட்டுக்கு ‘எஃப்ஏ00007074000;’ என்று சாதாரண எழுத்தாக அனுப்பினால் 7.074 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். யேசு எஃப்.டி.817-க்கு ஐந்தைந்து பைட்டாகச் சொல்ல வேண்டும். ஐகாம் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு விலாசம் வைத்திருக்கிறது; விலாசம் தப்பினால் செட் திரும்பிக்கூடப் பார்க்காது. இத்தனை பாஷையையும் நாம் கற்க வேண்டாம். ஹாம்லிப் என்ற இலவச மென்பொருள் தொகுப்பு எல்லாவற்றையும் பேசும். நாம் பார்க்க வேண்டியது, செட்டிலும் கம்ப்யூட்டரிலும் வேகம் ஒன்றாக இருக்கிறதா, சீரியல் வயரில் இருப்பது போலிச் சிப்பா என்பதைத்தான். போலி என்று கண்டுபிடித்தால் விண்டோஸின் டிரைவர் வேலை செய்ய மறுக்கும். பாவம், வாங்கியவர் செட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்.

2016-ல் ஐகாம் கொண்டுவந்த ஐ.சி.7300-ல் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது. ஒரே யு.எஸ்.பி. வயர், நாலு வேலையும் முடிந்தது. விலை லட்சத்தைத் தாண்டும் என்பதுதான் இடிக்கிறது.

நம் கைக்கு எட்டும் வழியைக் காட்டியவர் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யு.2.இ.எஸ்.இ. இந்தியாவில் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஒரு டிரான்சீவர் செய்ய முடியுமா என்று யோசித்து, 2003-ல் பிட்எக்ஸ் என்ற வடிவமைப்பை இலவசமாக வெளியிட்டார். காயில் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்கவில்லையா? தண்ணீர்க் குழாயில் போடும் வாஷரில் சுற்று என்றார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கட்டினார்கள். அடுத்து வந்த மைக்ரோபிட்எக்ஸில் ஆர்டுயினோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டுப் பலகை உட்கார்ந்திருக்கிறது. அது கம்ப்யூட்டரிடம் “நான் எஃப்.டி.817” என்று தைரியமாகப் பொய் சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பி வேலை செய்யும். அதற்கும் பிறகு வந்த எஸ்பிட்எக்ஸில் ராஸ்பெரி பை கம்ப்யூட்டரே செட்டுக்குள் போய்விட்டது. பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் எனக்குத் தெரியவில்லை.

எஃப்.டி.8 போதுமா?

இன்று ஒரு ஹாம் செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் முதலில் ஓட்டிப் பார்ப்பது எஃப்.டி.8. இயற்பியலுக்கு 1993-ல் நோபல் பரிசு வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-ல் உருவாக்கியது. பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்பும்; காதுக்குக் கேட்கவே கேட்காத சிக்னலைக்கூட இரைச்சலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கும். ஐந்து வாட்டில் ஜப்பானையும் ஐரோப்பாவையும் பிடித்துவிடலாம். ஆச்சரியமான கணிதம். ஆனால் அதில் நடப்பது கால்சைன், இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடக் கட்டம், சிக்னல் அளவு ஆகியவற்றின் பரிமாற்றம். இரண்டு கம்ப்யூட்டர்கள் குசலம் விசாரித்துக்கொள்ள, முதலாளிகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

புயலுக்கு அது உதவாது. எஃப்.டி.8-ல் நம் இஷ்டத்துக்கு எழுத ஒரு தடவைக்கு 13 எழுத்துதான் இடம். சோனாங்குப்பத்தை ஆங்கில எழுத்தில் எழுதினாலே 11 எழுத்து போய்விடும். இடைவெளி விட்டு 30 என்று போட்டால் 14. ஊர் பேரும் மூட்டைக் கணக்கும் சேர்ந்து உட்கார இடமில்லை. தவிர, கம்ப்யூட்டர் கடிகாரம் ஒரு விநாடி பிசகினாலும் தடுமாறும். இணையம் செத்த நாளில் கடிகாரத்தைச் சரிசெய்யத் தனியாக ஜி.பி.எஸ். வேண்டும்.

பட்டியல் அனுப்ப எஃப்.எல்.டிஜி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பி.எஸ்.கே.31, ஒலிவியா, எம்.எஃப்.எஸ்.கே. என்று பல முறைகள் அதில் உண்டு. கடிகாரத்தைப் பற்றி இவை கவலைப்படாது. துணை மென்பொருள் எஃப்.எல்.மெசேஜில் படிவத்தை நிரப்பி அனுப்பினால், வந்து சேர்ந்தது முழுசாக வந்ததா என்று மறுமுனைக் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்லும். அது சரி என்று சொன்னால் சோனாங்குப்பம் சோனாங்குப்பம்தான். தமிழிலேயே தட்டி அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் நேரம் இழுக்கும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘கு’ என்ற ஒரே எழுத்துக்கு ஆறு. பி.எஸ்.கே.31-ல் ‘கு’வைத் தமிழில் அனுப்ப ஆகும் நேரத்தில் அதையே ஆங்கில எழுத்தில் நாலு தரம் அனுப்பிவிடலாம். ஆகவே ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று மாவட்டம் முழுக்க ஒரே பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது புத்திசாலித்தனம். இதற்குச் செட்டும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஒரு மத்தியான வேலை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பேரிடர் மேலாண்மைக்கு என்று லட்சங்களில் கருவி வாங்கி அலமாரியில் பூட்டுவதால் பயனில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒன்று, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்று, பரங்கிப்பேட்டையில் ஒன்று என்று மூன்று நிலையங்கள் போதும் தொடங்க. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும், ஒரு போலிப் பட்டியலை ஒருவருக்கொருவர் அனுப்பிப் பழக வேண்டும். பழகாத கை புயல் ராத்திரியில் சவுண்ட் கார்டு செட்டிங்கைத் தேடிக்கொண்டிருக்கும்.

பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும் பாடம். முதல் நிலைக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. மேல்நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகம் தெரிய வேண்டும். உரிமம் கைக்கு வராமல் அனுப்பும் பொத்தானைத் தொடாதீர்கள், அது குற்றம். அதுவரை கம்ப்யூட்டர் பக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம்: நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் ரிசீவரை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது, அதன் சத்தத்தை எஃப்.எல்.டிஜிக்குள் விட்டால் எழுத்து விழுவதை இன்றைக்கே பார்க்கலாம். விண்ணப்பித்து, தேர்வு எழுதி, உரிமம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்.